ரெண்டு பேரும் பசங்க, ரெண்டு பேரும் வேற வேற தெரு: இவங்களுக்கு எந்தச் சட்டம் காவல்?



தேனி மாவட்டம் பொட்டிப்புரம்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது நியூட்ரினோ. அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்துச்சு. ஊர்க்காரங்க எதிர்த்தாங்க. மலை, மண், மனுசன்னு எதுலயும் முட்டிக்காம ஊடுருவிப் போற துகள் அதுன்னு விஞ்ஞானிங்க ஊர் ஊரா வந்து விளக்கினாங்க.

மலையைத் தாண்டிப் போற துகளைப் பத்தி நிறையப் பேசியாச்சு. அந்த மலைக்குக் கீழே, ஒரு தெருவுல இருந்து இன்னொரு தெருவுக்குப் போக முடியாத ஒண்ணைப் பத்தி இன்னைக்குப் பேசுவோம். மனுசனோட அன்பைப் பத்தித்தான்.

அதுலயும் யாரும் வாய் திறக்காத ஒரு அன்பு. ஒரு ஆணுக்கும் இன்னொரு ஆணுக்கும் இடையில், சாதி கடந்து வர்ற காதல்.

படிக்கிறதுக்கு முன்னாடியே சிரிப்பு எமோஜி போடப் போற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வரைக்கும் படிச்சிட்டுப் போடுங்க.

*

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். இது நடந்த கதைன்னு சொல்லலை. பொட்டிப்புரத்தைக் குத்தம் சொல்லவும் வரலை. கம்பம், போடி, தேவாரம், சின்னமனூர், உசிலம்பட்டின்னு எந்த ஊரை வேணும்னாலும் வச்சுப் பாருங்க. ரெண்டு பசங்க. பேர் வைக்க வேண்டாம். பேர் வச்சா உடனே சாதியைத் தேடுவோம்.

ஒருத்தன் வீட்டில் திராட்சைத் தோட்டம் இருக்கு. மந்தைக்குப் பக்கத்தில் மாடி வீடு. இன்னொருத்தன் காலனி. அவங்க அம்மா விடியக்காலையில் ஜீப்பில் ஏறி, மெட்டு தாண்டிக் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போயிட்டு இருட்டினதுக்கு அப்புறம் வர்றவங்க. பசங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கபடி டீம். இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு. மூணு வருசமா ஒருத்தரை ஒருத்தர் விரும்புறாங்க.

ஊருக்கு இதில் முதல்ல எது கண்ணில் படும்னு நினைக்கிறீங்க?

ஒரே பைக்கில் ஒட்டி உக்காந்து போனா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. தோளில் கை போட்டு நடந்தாலும் ‘கூட்டாளிங்க’ன்னு விட்டுடுவாங்க. ஆனா காலனிப் பையன் மந்தையில் நின்னுக்கிட்டு மேலத்தெருப் பையனை “மாப்ள”ன்னு கூப்பிட்டுப் பாருங்க. டீக்கடையில் உக்காந்திருக்கிற பெருசு தலை நிமிரும். “யாருடா யாருக்கு மாப்ள?”ன்னு கேள்வி வரும்.

ஆக, இங்க முதல் காவக்காரன் சாதிதான். ரெண்டு ஆம்பளைங்க விரும்புறாங்கங்கிறது அப்புறம்தான் தெரிய வரும். தெரிஞ்ச அன்னைக்கு ரெண்டு ஆத்திரமும் சேர்ந்து ஒரே ஆள் மேல இறங்கும். காலனிப் பையன் மேலதான் அது இறங்கும்.

மேலத்தெருப் பையனைச் சாமியார்கிட்ட, கோடாங்கிகிட்ட, டாக்டர்கிட்டன்னு கூட்டிட்டுப் போவாங்க. அவசரமா சொந்தத்தில் ஒரு பொண்ணைப் பார்த்துத் தாலி கட்ட வைப்பாங்க. காலனிப் பையனுக்கு வர்றது வேற. “எங்க பிள்ளையைக் கெடுத்துட்டான்”னு சொல்லுவாங்க. “கஞ்சா குடுத்தான், காசு பறிச்சான், செயினைத் திருடினான்”னு புகார் எழுதுவாங்க. அடி விழும். அவன் அம்மாவை வேலைக்குக் கூப்பிடுறதை நிறுத்துவாங்க. அவன் யாரை விரும்பினான்னு ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா சொன்னா மேலத்தெரு மானம் போயிடும். அடி வாங்கின காரணத்தைக்கூட வெளியில் சொல்ல முடியாதவன் அவன்.

*

இது வெறும் கற்பனைன்னு ஒதுக்கிடாதீங்க. ஒரு நிஜ வழக்கைப் பாருங்க.

உத்தரப் பிரதேசம், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம். அங்க மராத்தி சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ராம்சந்திர சிராஸ். ஓய்வு பெற இருந்த வயசு. 2010 பிப்ரவரி 8 ராத்திரி அவர் வீட்டுக்குள்ள கேமராவோட ஆளுங்க நுழைஞ்சாங்க. அவரோட அப்போ இருந்தவர் ஒரு ரிக்‌ஷா ஓட்டுநர். பேராசிரியரைப் பல்கலைக்கழகம் இடைநீக்கம் பண்ணிச்சு. இதைக் கவனிங்க: 2009 ஜூலையிலேயே டெல்லி உயர்நீதிமன்றம், வயது வந்த ரெண்டு பேர் மனசு ஒத்துத் தனிமையில் இருக்கிறது குற்றமில்லைன்னு தீர்ப்புச் சொல்லியிருந்துச்சு. அலகாபாத் உயர்நீதிமன்றமும் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி பேராசிரியருக்குச் சாதகமா உத்தரவு போட்டுச்சு. ஏப்ரல் 7-ஆம் தேதி, தனியா வாடகைக்கு இருந்த வீட்டில் அவர் பிணமாக் கிடந்தார்.

அவரோட கதை ‘அலிகார்’ங்கிற பேரில் இந்திப் படமா வந்துச்சு. மனோஜ் பாஜ்பாய் நடிச்சார். நாட்டில் பாதிப் பேருக்கு இன்னைக்கு சிராஸ் பேர் தெரியும். தெரிய வேண்டியதுதான். பெரிய அநியாயத்துக்கு ஆளான மனுசன் அவர்.

ஆனா அந்த ரிக்‌ஷா ஓட்டுநர்? பேராசிரியருக்கு வேலை இருந்துச்சு, வக்கீல் இருந்தார், எழுத பத்திரிகை இருந்துச்சு. அதே ராத்திரி, அதே அறையில், அதே கேமரா முன்னாடி நின்ன ஏழை மனுசனுக்கு என்ன இருந்துச்சு? அவர் பிழைப்பு என்னாச்சு, குடும்பம் என்னாச்சுன்னு நாடு கேட்கலை. சமூகத்தோட ரெண்டு படிக்கட்டில் நிக்கிற ரெண்டு பேர் விரும்பினா, கீழ்ப் படிக்கட்டில் நிக்கிறவன் விழுறது சத்தம்கூட இல்லாம விழுறான். இதுதான் இந்தப் பதிவு பேச வந்த விசயம்.

*

இப்ப சட்டத்துக்கு வருவோம். இங்கதான் நம்ம கட்சிக்காரங்களுக்கு வேலை இருக்கு.

தமிழ்நாட்டில் சாதி ஆணவக் கொலைகளோட பட்டியல் நமக்கு மனப்பாடம். 2003-ல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி – முருகேசன். 2015-ல் கோகுல்ராஜ். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர். 2025 ஜூலை 27, பாளையங்கோட்டையில் ஐடி ஊழியர் கவின். ஒவ்வொரு தடவையும் தனிச்சட்டம் வேணும்னு தெருவில் இறங்கினோம். 2025 அக்டோபர் 17-ஆம் தேதி, இதுக்குப் பரிந்துரை கொடுக்க ஓய்வுபெற்ற நீதியரசர் கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும்னு சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிச்சார்.

சட்டம் வரட்டும். வந்தே ஆகணும். ஆனா அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தையை நாம ரொம்பக் கவனமாப் பார்க்கணும். ‘திருமணம்’ங்கிற வார்த்தை.

ஏன்? இந்தியச் சட்ட ஆணையம் 2012-ல் தன்னோட 242-வது அறிக்கையில் ஒரு மாதிரி மசோதா கொடுத்துச்சு. அதோட தலைப்பிலேயே ‘திருமண உறவு கொள்ளும் சுதந்திரத்தில் தலையிடுவதைத் தடுத்தல்’னுதான் இருக்கு. 2019-ல் ராஜஸ்தான் சட்டமன்றம் நிறைவேத்தின மசோதாவிலும் அதே தலைப்பு, அதே ‘திருமண உறவு’. தமிழ்நாட்டில் சட்டம் எழுதுறவங்களும் இந்த ரெண்டு காகிதத்தையும் மேசையில் வச்சுக்கிட்டுத்தான் எழுதுவாங்க.

அடுத்து இதைப் பாருங்க. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதிகளும், ஒரே பாலினத்தவர் கல்யாணம் பண்ணிக்கிறது அரசியல் சட்டம் தர்ற அடிப்படை உரிமை இல்லைன்னு சொல்லிட்டாங்க. சேர்ந்து வாழலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது, ஆனா கல்யாணம்னு பதிய முடியாது.

ரெண்டையும் கூட்டிப் பாருங்க தோழர்களே. கல்யாணத்தை மட்டும் காப்பாத்துற சட்டம். கல்யாணமே பண்ண முடியாத ரெண்டு பேர். அப்போ அந்தச் சட்டத்தில் நம்ம பசங்க ரெண்டு பேருக்கும் எந்தப் பிரிவு இருக்கும்? ஒரு பிரிவும் இருக்காது. வெட்டுப்பட்டாலும் அது ‘முன்விரோதம்’. தூக்கில் தொங்கினாலும் அது ‘வயித்து வலி’.

இது தன்பாலீர்ப்பாளர்களுக்கு மட்டும் ஆன பிரச்சினைன்னு நினைச்சிடாதீங்க. கவினுக்குக் கல்யாணம் ஆகலை. கோகுல்ராஜ் வேற சாதிப் பொண்ணோட கோயிலில் பேசிக்கிட்டு இருந்ததைப் பார்த்ததுக்கே கடத்திக் கொன்னாங்க. ‘திருமணம்’னு மட்டும் எழுதின சட்டம் இவங்களையும் காப்பாத்தாது. ஆணவக்காரன் கத்தியைத் தூக்கும்போது கல்யாணப் பத்திரிகையைக் கேட்டுட்டுத் தூக்குறதில்லை. சட்டம் மட்டும் ஏன் கேட்கணும்?

*

“அதெல்லாம் சரி தோழர், சாதிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாதிப் பிரச்சினையே தீரலை, இதை ஏன் இப்ப இழுக்குறீங்க?”ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நம்ம கடமை.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் படிச்ச கட்டுரையோட மையமே அகமணம். சொந்தச் சாதிக்குள்ளயே கல்யாணம் பண்ணணும்ங்கிற கட்டுப்பாடுதான் சாதியைச் சாதியா வச்சிருக்குன்னு அவர் காட்டினார். தந்தை பெரியார் சுயமரியாதைத் திருமணத்தைக் கையில் எடுத்ததும் அதனாலதான். யார் யாரோட வாழணும்னு தீர்மானிக்கிற அதிகாரத்தைச் சாதிகிட்ட இருந்து பிடுங்கினா சாதி ஆடும்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

சாதிவெறியன்கிட்ட ஏன் கொல்றேன்னு கேட்டா என்ன சொல்லுவான்? “ரத்தம் கலந்துடும், வம்சம் கெட்டுடும்”னு சொல்லுவான். சரி, ரெண்டு ஆண்கள் விரும்பினா எந்த ரத்தம் கலக்குது? பிள்ளை பிறக்கப் போறதில்லை. வாரிசுச் சண்டை வரப் போறதில்லை. சொத்து வேற சாதிக்குப் போகப் போறதில்லை. அப்புறமும் ஏன் அடிக்கிறான்?

ஏன்னா அவன் சொன்ன ரத்தக் கதை பொய். அவன் காப்பாத்துறது ரத்தத்தை இல்லை, அதிகாரத்தை. “என் வீட்டுப் பிள்ளை யாரோட வாழணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்”ங்கிற அதிகாரம். இன்னும் ஒண்ணும் இருக்கு. சாதிக்கு ஒவ்வொரு வீட்டு மகனோட கல்யாணமும் வேணும். சொந்தச் சாதியில் ஒரு பொண்ணைக் கட்டி, சொந்தச் சாதியில் ஒரு பிள்ளையைப் பெத்துக் கொடுக்கணும். அந்த வரிசையில் இருந்து ஒருத்தன் விலகி நின்னாலே அதுக்குப் பொறுக்காது. அதனாலதான் அவனை இழுத்துட்டு வந்து தாலி கட்ட வைக்குது. அந்தத் தாலியில் இன்னொரு உயிரும் மாட்டுது. எதுவுமே தெரியாம கழுத்தை நீட்டின ஒரு பொண்ணு. அவ அழுறது எந்தக் கணக்கில் வரும்?

ஆக, இது வேற பிரச்சினை இல்லை தோழர்களே. அதே சுவர்தான். நாம இதுவரைக்கும் முன்பக்கத்தை மட்டும் இடிச்சுக்கிட்டு இருந்தோம். பின்பக்கம் ஆள் மாட்டிக்கிட்டு இருக்கிறதைப் பார்க்கலை.

அதுக்காக, தன்பாலீர்ப்பாளர்னாலே சாதி கடந்தவங்கன்னு சொல்ல வரலை. 2015-ல் மும்பையில் ஒரு அம்மா, தன் மகன் ஹரிஷ் ஐயருக்கு மாப்பிள்ளை தேடி ‘மிட்-டே’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாங்க. மகனுக்கு மணமகன் தேடி இந்தியாவில் ஒரு தாய் கொடுத்த முதல் விளம்பரம்னு நாடே பேசிச்சு. அந்த அம்மாவோட தைரியத்துக்கு வணக்கம் வைக்கணும். ஆனா அதே விளம்பரத்தில் சாதி தடையில்லைன்னு எழுதிட்டு, பக்கத்திலேயே ஐயர்னா நல்லதுன்னும் இருந்துச்சு. வேடிக்கைக்காக எழுதினதுன்னு அப்புறம் சொன்னாங்க. வேடிக்கையாவே இருக்கட்டும். ஆனா அந்த வேடிக்கை எல்லாருக்கும் சட்டுனு புரிஞ்சுதே, அதுதான் நம்ம நாட்டு நிலைமை. பால் வேலியைத் தாண்டினவங்க முன்னாடியும் சாதி வேலி நிக்குது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த திருநர்களுக்கு அடி ரெண்டு பக்கமும் விழுதுன்னு நம்ம தூத்துக்குடிக்காரர் தோழர் கிரேஸ் பானு பல வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கிறதும் இதைத்தான்.

*

அடுத்த கேள்வி: “இது மேல்நாட்டு இறக்குமதி. நம்ம பண்பாட்டுக்கு ஒத்து வராது.”

இறக்குமதி எதுன்னு தேதியோட பார்ப்போம். ஒரே பாலின உறவைக் குற்றமாக்கின 377-வது பிரிவு வெள்ளைக்காரன் 1860-ல் கொண்டு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்துச்சு. கப்பலில் வந்தது சட்டம்தான். மனுசங்க இங்கேயே இருந்தாங்க. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்தவங்க மனசு ஒத்து வாழுறது குற்றமில்லைன்னு அந்தப் பிரிவோட பல்லைப் பிடுங்கிடுச்சு. அதுக்கு அப்புறமும் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன வெட்கத்தை நம்ம பண்பாடுன்னு தூக்கிச் சுமக்கணுமா?

“சட்டத்திலேயே இடமில்லாத உறவு இது”ன்னு சொல்றவங்களுக்கு நம்ம வரலாறே பதில். 1920-களின் கடைசியில் இருந்து சுயமரியாதைத் திருமணம் நடந்துச்சு. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, ஊர் சிரிச்சுச்சு. 1950-களில் சென்னை உயர்நீதிமன்றமே செல்லாதுன்னு சொல்லுச்சு. அப்பவும் நம்ம தாத்தா பாட்டிங்க பண்ணிக்கிட்டாங்க. 1967-ல் அண்ணா அரசு அதைச் சட்டமாக்கினப்பதான் அந்தக் கல்யாணம் எல்லாம் செல்லுபடி ஆச்சு. ஏறக்குறைய நாப்பது வருசம் சட்டத்துக்கு முன்னாடி மனுசங்க நடந்தாங்க. சட்டம் மூச்சு வாங்கிக்கிட்டு பின்னாடி வந்துச்சு. இந்த மண்ணில் இது புதுசு இல்லை.

*

நம்ம மண்ணிலேயே நீதிமன்றங்கள் எவ்வளவு தூரம் நடந்திருக்குன்னு பலருக்குத் தெரியாது. தெரிஞ்சுக்குவோம்.

உசிலம்பட்டிப் பக்கம், சாதி கடந்து கல்யாணம் பண்ணின ஒரு இளம்பெண், குடும்பத்தோட கைக்குத் திரும்பின பிறகு 2014-ல் இறந்துபோனார். அந்த வழக்கில் 2016 ஏப்ரல் 13-ஆம் தேதி நீதியரசர் வி. ராமசுப்பிரமணியன், மாவட்டந்தோறும் சாதி மறுப்பு இணையர்களுக்காகத் தனிப்பிரிவு அமைக்கணும், 24 மணி நேர உதவி எண் வேணும்னு உத்தரவு போட்டார். 2018 மார்ச் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் நாடு முழுக்க இதே மாதிரி வழிமுறைகளையும், பாதுகாப்பு இல்லங்களையும் சொல்லுச்சு.

மதுரையில் இருந்து ரெண்டு இளம்பெண்கள் சென்னைக்குப் போய், சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்துக்கு வந்தாங்க. நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் என்ன பண்ணினார் தெரியுமா? எனக்கு இந்த விசயத்தில் தெளிவில்லை, முன்முடிவு இருக்குன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டார். உளவியலாளர்கிட்ட உக்காந்து பாடம் கேட்டார். அப்புறம்தான் 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு எழுதினார். ‘காணவில்லை’ன்னு புகார் வந்து, விசாரிச்சதில் வயது வந்த ஒரே பாலின இணையர்தான்னு தெரிஞ்சா, வாக்குமூலம் வாங்கிட்டுத் தொந்தரவு பண்ணாமப் புகாரை முடிக்கணும்னு போலீசுக்குச் சொன்னார். ‘மாத்துறேன்’னு சொல்லிப் பண்ற சிகிச்சைக்குத் தடை கேட்டார். 2022-ல் தமிழ்நாட்டுப் போலீஸ் நடத்தை விதியிலேயே, இவங்களையும் இவங்களுக்காகப் பாடுபடுறவங்களையும் துன்புறுத்தக் கூடாதுன்னு 24-சி சேர்ந்துச்சு. அதே வருசம் தேசிய மருத்துவ ஆணையமும் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கு மீறல்னு அறிவிச்சுது.

ஒரு உயர்நீதிமன்ற நீதிபதி “எனக்குத் தெரியாது, கத்துக்கிறேன்”னு சொல்லும்போது, நாம கத்துக்கிறதில் என்ன கௌரவக் குறைச்சல்?

கடைசியா ஒண்ணு. 2025 மே 22-ஆம் தேதி, வேலூர் மாவட்டத்தில் பெத்தவங்க பிடிச்சு வச்சிருந்த 25 வயசுப் பொண்ணை மீட்க, அவங்க இணையர் போட்ட ஆட்கொணர்வு மனு. நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் விசாரிச்சாங்க. தன் மகளைக் கெடுத்ததே இவங்கதான்னு அந்தத் தாய் மனுதாரர் மேலேயே குத்தம் சொன்னாங்க. நாம மேல சொன்ன உதாரணத்தில் காலனிப் பையன் மேல விழுற அதே பழி. நீதிமன்றம் அந்தப் பொண்ணை அவங்க விருப்பப்படி போகவிட்டுச்சு. குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழியில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான்னு தெளிவாச் சொல்லுச்சு. மனு கொடுத்தும் நடவடிக்கை எடுக்காத போலீசைக் கண்டிச்சுது.

நீதிமன்றம் ‘குடும்பம்’னு ஒத்துக்கிட்ட உறவை, ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டம் ‘உறவு’ன்னாவது ஒத்துக்கணுமா வேண்டாமா?

*

ஆகவே நாம கேட்க வேண்டியது இதுதான்.

முதலாவது, வரப்போற சட்டம் ‘திருமணம்’ங்கிற வார்த்தையோட நிக்கக் கூடாது. கல்யாணம், காதல், சேர்ந்து வாழ்தல், சேர்ந்து வாழ விரும்புதல், நட்பு, இதில் எதைக் காரணமா வச்சு வன்முறை நடந்தாலும் குற்றம்னு எழுதணும். எந்தப் பாலினம், எந்தப் பாலீர்ப்புன்னு பார்க்காம எல்லாருக்கும் பொருந்தும்னு வெளிப்படையா ஒரு வரி வேணும். ‘அதில் இதுவும் அடங்கும்’னு யூகத்துக்கு விட்டா, காவல் நிலைய மேசையில் அது அடங்காது.

ரெண்டாவது, மாவட்டத் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் ஒரே பாலின இணையர்களுக்கும் திறக்கணும். ரெண்டு பையன் வந்து நின்னா “வீட்டுக்குப் போங்கடா”ன்னு அனுப்பாத அதிகாரி அங்க உக்காரணும்.

மூணாவது, அடி வாங்கினவர் பட்டியல் சாதியா இருந்தா, 1989-ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட இன்னைக்கே வழி இருக்கு. ‘ஆம்பளைங்க சண்டை’ன்னு சொல்லி அதை அமுக்கக் கூடாது.

நாலாவது, இருக்கிற உரிமையை ஊருக்குச் சொல்லணும். ஒரே பாலின இணையர்களை ரேஷன் கார்டில் ஒரே வீட்டுக்காரங்களா எடுத்துக்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்க, நாமினி போடத் தடையில்லைன்னு 2024-லேயே ஒன்றிய அரசு தெளிவாக்கிடுச்சு. இது எத்தனை கிராமத்துக்குத் தெரியும்?

*

இதெல்லாம் அரசுகிட்ட கேட்கிறது. இனி நம்மகிட்ட.

தோழர்களே, எதிர்க்கட்சிக்காரனைத் திட்ட நாம போடுற மீம்களை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. ரெண்டு தலைவர்கள் கட்டிப்பிடிச்ச படத்தைப் போட்டு ‘ஜோடி’ன்னு சிரிச்சிருக்கோம். ‘ஒம்போது’ன்னு எழுதி லைக் வாங்கியிருக்கோம். அந்த மீமை நம்ம கட்சி வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற ஒரு பையனும் பார்க்கிறான். நம்ம கொடியைப் பிடிச்சவன், சுவரெழுத்து எழுதினவன், பூத்தில் உக்காந்தவன். அவன் அன்னைக்கு என்ன முடிவுக்கு வந்திருப்பான்? “நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா இவங்ககிட்ட போக முடியாது”ன்னுதானே? அரசியலில் எதிரியைத் திட்ட ஆயிரம் காரணம் இருக்கு. ஊழலைச் சொல்லுங்க, பொய்யைச் சொல்லுங்க. நம்ம பிள்ளையைக் காயப்படுத்துற வார்த்தையை எடுத்து எதிரி மேல வீசாதீங்க.

“ஓட்டுப் போயிடும் தோழர்”னு ஒரு குரல் கேட்குது. போகலாம். சாதி மறுப்புத் திருமணத்துக்குத் தலைமை தாங்கினப்பவும் ஓட்டுப் போகும்னுதான் சொன்னாங்க. ஓட்டை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்திருந்தா நாம இந்தக் கொடியையே பிடிச்சிருக்க மாட்டோம்.

கடைசியா ஒரே ஒரு காட்சி. ராத்திரி பதினோரு மணி. மழை. உங்க ஊர் கிளைச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுறாங்க. திறந்தா ரெண்டு பசங்க. ஒருத்தன் மேலத்தெரு, ஒருத்தன் காலனி. ஒருத்தனுக்கு நெத்தியில் ரத்தம். “அண்ணே, எங்களைக் காப்பாத்துங்கண்ணே”ன்னு நிக்கிறாங்க. அதே தெருவில் நாலு பைக் சத்தம் கேட்குது.

ஒரு பையனும் ஒரு பொண்ணுமா வந்து நின்னிருந்தா என்ன செய்யணும்னு நம்ம தோழருக்குத் தெரியும். உள்ள கூப்பிட்டு, தண்ணி கொடுத்து, கதவைச் சாத்தி, வக்கீலுக்குப் போன் போடுவார். இத்தனை வருசமா நம்ம கட்சி கத்துக்கொடுத்த பழக்கம் அது.

இந்த ரெண்டு பசங்களுக்கும் அதையேதான் செய்யணும். உள்ள கூப்பிடணும். தண்ணி கொடுக்கணும். கதவைச் சாத்தணும். போன் போடணும். இதுக்குப் புதுக் கொள்கை எதுவும் வேண்டாம். இருக்கிற கொள்கையைப் பாதியில் நிறுத்தாம இருந்தாலே போதும்.

உங்க கருத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்க. மறுப்பு இருந்தாலும் எழுதுங்க, பேசுவோம். ஆனா பக்கத்தில் படிச்சுக்கிட்டு இருக்கிறவன் அந்த ரெண்டு பசங்களில் ஒருத்தனா இருக்கலாம்ங்கிறதை மனசில் வச்சுக்கிட்டு எழுதுங்க.

படிச்சவங்க பகிருங்க. உங்க ஒன்றியக் கூட்டத்தில் இதை ஒரு பொருளா வையுங்க.

#ஆணவக்கொலைத்_தடுப்புச்_சட்டம்
#எல்லா_உறவுக்கும்_பாதுகாப்பு
#சாதி_ஒழிப்பில்_பாதி_இல்லை